ஒற்றைப்படை வளைவுகள்

கோரிமேட்டு பங்க்கில்
எப்போதும் ஒரே சொல்தான்:
"ஃபுல் பண்ணுங்க."
சொல்லும்போது கொஞ்சம் நிமிர்ந்துகொள்வேன்.
ஏழு பேர் உட்காரும் வண்டி.
நாற்பத்தெட்டுத் தவணையில்
பதினொன்று கட்டியாயிற்று.

அடிவாரம் தாண்டியதும்
எனக்கு நேர் பின்னால் மகிழினி
எலுமிச்சம்பழத்தை மூக்கருகே கொண்டுபோவாள்.
"பெட்ரோல் நாறுதுப்பா."
"பங்க்ல சிந்தியிருக்கும்."
மூன்றாவது வளைவில் கண்ணை மூடுவாள்.
ஐந்தில் வண்டியை ஓரங்கட்டுவேன்,
குரங்குகள் பார்த்திருக்க
வாந்தி எடுப்பாள்.

மலை ஏறினால் சில பிள்ளைகளுக்கு இப்படித்தான் என்றார்கள்.
அரை மாத்திரை எழுதிக் கொடுத்தார் டாக்டர்.
இஞ்சி மிட்டாய், கறுப்பு பாலிதீன் பை,
முன்னால் பார், ஜன்னலைப் பார், பேசாதே.

என் மூக்கைச் சொல்லவேண்டும்.
சிவதாபுரத்துக் கொலுசுப் பட்டறையில்
வெள்ளியோடு சேர்ந்து
இருபது வருடம் அமிலத்தில் வெளுத்த மூக்கு.
மனைவி பெயர் சுகந்தி.
அவளுக்கு சைனஸ்.
ஆக, அந்த வண்டியில் மோப்பம் தெரிந்தவள்
எட்டு வயதுக்காரி ஒருத்திதான்.
அவளைத்தான் நாங்கள் நோயாளி ஆக்கி வைத்திருந்தோம்.

டேங்க் மூடியை மாற்றினேன்.
தரைவிரிப்பைக் கழுவிக் காயப்போட்டேன்.
கண்ணாடியில் மல்லிகை வாசனை அட்டை தொங்கவிட்டேன்.
மே மாதம் ஏற்காட்டில் ஒரு பலாப்பழம் வாங்கி
பின்னால் போட்டுக்கொண்டு இறங்கினோம்.
"இப்ப மூணும் சேர்ந்து நாறுது" என்றாள்.

பள்ளப்பட்டி இத்ரீஸ்
பானட்டைத் திறக்கவில்லை.
ஒரு கேள்வி கேட்டார்:
"எப்ப நாறும்?"

நான் விழித்தேன்.
"மலையில" என்றேன்,
"சில சமயம்" என்றேன்.

மகிழினி சொன்னாள்:
"டேங்க் ரொம்பினா மட்டும்.
அதுவும் ஒற்றைப்படை வளைவுலதான்.
மூணு, அஞ்சு, ஏழு, ஒம்பது.
இரட்டைப்படையில வராது.
இறங்கும்போது மாறிடும்."

மூன்றாம் வகுப்புக் கணக்கு.
போர்டுகளைப் பார்த்து
வாந்திக்கு நடுவே போட்டிருக்கிறாள்.

இத்ரீஸ் சிரிக்கவில்லை.
"ஒரு பக்கம் திரும்பினா
மறுபக்கம் சாயும் எண்ணெய்" என்று
தனக்கே சொல்லிக்கொண்டார்.
பாட்டரியின் மைனஸைக் கழற்றினார்.
ஐந்து கதவும் திறந்தாயிற்று.
என் ஃபோனை வாங்கித் தூரத்து பெஞ்சில் வைத்தார்.
பிறகு தூக்கினார்
அவள் சீட்டை.

பிஸ்கட் தூள், ஒரு அழிரப்பர்,
எங்கள் பட்டறைத் திருகாணி ஒன்று.
அடியில் தகரமூடி, நாலு ஸ்குரூ.
மூடியை எடுத்ததும்
எனக்கே அடித்தது.

டேங்க் தலையில் ஒரு விரற்கடை செம்மண் தூசி.
வலப்பக்கம் மட்டும்
யாரோ ஈரத்துணியால் துடைத்த மாதிரி
கறுத்த பிறை.
தையில் வேறொருவன் பம்ப் மாற்றியபோது
பழைய ரப்பர் வளையத்தையே போட்டிருக்கிறான்.
உப்பி, ஓரிடத்தில் நசுங்கி,
பல்பட்ட வடை போல இருந்தது.

வளையம் முந்நூற்று எண்பது ரூபாய்.
கூலி அறுநூறு.
மாத்திரைக்கு எவ்வளவு ஆயிற்று என்று
சுகந்தி கணக்குப் போடவில்லை.
போடாமல் என்னைப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை
ஃபுல் பண்ணச் சொன்னேன்.
இந்த முறை நிமிரவில்லை.
ஒன்று. மூன்று.
கண்ணாடியில் அவளையே பார்த்து ஓட்டியதில்
ஐந்தில் ஒரு பஸ்காரனிடம் திட்டு வாங்கினேன்.
ஏழு.
எலுமிச்சம்பழம் மடியில் உருண்டுகொண்டிருந்தது.

ஒன்பதாவது போர்டில் பொறுக்கமாட்டாமல்
கேட்டுவிட்டேன்:
"பாப்பா, நாறுதா?"

முன்னால் சாய்ந்து,
என் தோளருகே மூக்கை வைத்து,
நிதானமாக இழுத்துப் பார்த்தாள்.

"நாறுது.
உங்க சட்டை."